பதினோராம் பிரிவின் மேல் ஒரு விரல்

ஹூஸ்டனுக்குப் பக்கத்துச் சுகர் லேண்டில் கலைமகளைத் தெரியாத இலங்கைத் தமிழர் கிடையாது. ஆனால் அவர் எங்கே பிறந்தவர் என்று போன வருஷம் வரை தெரிந்திருந்தவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான். அது அவருடைய கணவர் அரியரட்ணம்.

யாராவது கேட்டால் அரியரட்ணம் முந்திக்கொள்வார். "ஹட்டன் பக்கம். தகப்பன் அங்க டீச்சர்" என்பார். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குப் படிப்பிக்கப் போன நல்ல குடும்பம் என்று கேட்டவர்கள் தாங்களாகவே மீதியைக் கட்டிக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு அது கைவந்த கலை அல்லவா! ஊரைச் சொன்னால் போதும், தெருவையும் கோயிலையும் சாதியையும் அவர்களே நிரப்பிவிடுவார்கள். இந்தக் கதையை முதலில் கட்டிவிட்டது அரியரட்ணத்தின் மூத்த அக்கா, கல்யாணத்தின்போது. அவர் இப்போது டொரண்டோவில் இருக்கிறார். கலைமகளும் இல்லையென்று சொல்லாமல் முப்பத்தாறு வருஷம் சும்மா இருந்துவிட்டார். யாழ்ப்பாணப் பேச்சு அவர் வாயில் அவ்வளவு சுத்தமாக வரும். கோபம் வந்தால் மட்டும் "என்னாங்க இது" என்று மலைநாட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். கோபம் வருவதோ வருஷத்துக்கு இரண்டு தரம். அதனால் யாரும் கவனிக்கவில்லை.

வயது அறுபத்துமூன்று. ஆள் உயரம் குறைவு. எண்ணெய் நிறுவனங்களுக்குக் குழாய் வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் டாக்குமென்ட் கண்ட்ரோலர் வேலை. காலை ஆறரைக்கே ஃப்ரீவேயில் ஏறிவிடுவார். ஒரு வரைபடத்தில் 'இருபத்திரண்டாம் தாளைப் பார்க்க' என்று எழுதியிருந்தால், இருபத்திரண்டாம் தாளை எடுத்து, அங்கே விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அங்குள்ள இளம் இன்ஜினியர்களுக்கு இது பெரிய தலைவலி. "ஆன்ட்டி, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் செக் பண்ணிடும்" என்று வான்மதி என்ற பொள்ளாச்சிப் பெண் சொன்னாள். "கம்ப்யூட்டருக்கு விரல் இல்லையேம்மா" என்றார் கலைமகள். அதற்குப் பிறகு வான்மதியும் விரலை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் சென்ட் ஆல்பனுக்குப் போக வேண்டும்.

சென்ட் ஆல்பன் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. சனம் முப்பதாயிரத்துக்குள். பிரிட்டனின் காலனி. இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டுக் 'கடல்கடந்த ஆட்புலம்' என்று எழுதுகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் ஆகிவிட்டதா? லண்டனிலிருந்து வரும் ஆளுநர் அப்படியேதான் இருக்கிறார். பொலிஸ் அவர் கையில், நீதிபதி நியமனம் அவர் கையில், யார் தீவுக்காரர் என்று முடிவு செய்வதும் அவர் கையில். ஊரில் நடந்த போரிலிருந்து தப்பி எண்பதுகளில், தொண்ணூறுகளில் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போன இலங்கைத் தமிழர் பதினொரு குடும்பம். டீச்சர்மார், கணக்காளர்மார், இரண்டு டாக்டர்மார். வீதி இன்ஜினியராகப் போன அரியரட்ணமும் அவர்களில் ஒருவர்.

போன மறுவருஷமே அரசாங்க அச்சகத்தில் கலைமகளுக்கு வேலை கிடைத்தது. தீவின் சட்டசபைக்குப் போகும் ஒவ்வொரு மசோதாவையும் அச்சுப் பிழை பார்ப்பது. அங்கே அதை இரண்டு பேர் சேர்ந்து செய்வார்கள். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி ஒன்று விடாமல். மற்றவர் அச்சுப்பிரதியில் பின்தொடர்வார்.

மூன்றாம் வருஷம் கலைமகள் ஒரு பிழையை விட்டுவிட்டார். மீன்பிடிச் சட்டத்தில் 'பத்தொன்பதாம் பிரிவின்படி' என்று வர வேண்டியது வேறு எண்ணாக அச்சாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை, சபையும் நிறைவேற்றிவிட்டது. விளைவு என்ன? மூன்று மாதமாக அந்தத் தீவின் மீன்பிடிப் படகுகளுக்கெல்லாம் அனுமதி கொடுக்க வேண்டியவர் ஆட்டிறைச்சிக் கூடத்துச் சுகாதார அதிகாரி! அந்த மனிதர் படகுக்குப் படகு போய்க் கத்தி கழுவியிருக்கிறதா என்று பார்த்தார். தீவே விழுந்து விழுந்து சிரித்தது. கலைமகள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து விரல் வந்தது. ஒரு பிரிவு இன்னொரு பிரிவைச் சுட்டினால், அந்த இன்னொரு பிரிவைத் தேடிப் போய், அதன் மேல் விரலை ஊன்றி, அது என்ன சொல்கிறது என்று வாசித்த பிறகுதான் அடுத்த வரி. மீதிப் பதினைந்து வருஷமும் அப்படித்தான். அவர் விரல் படாமல் அந்தத் தீவில் ஒரு சட்டமும் வெளியே போனதில்லை. சபையின் மூலையில் அச்சுப்பிரதியோடு உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச அவருக்கு உரிமையும் இல்லை.

தீவில் முழு உரிமை பெற்றவரை 'பிலாங்கர்' என்பார்கள். அந்தச் சொல் இருந்தால்தான் நிலம் வாங்கலாம், வாக்குப் போடலாம், தேர்தலில் நிற்கலாம். பதினொரு தமிழ்க் குடும்பத்துக்கும் அது தொண்ணூற்றொன்பதில் கிடைத்தது. பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஹூஸ்டனுக்கு இடம்பெயர்ந்தாலும் அந்த உரிமையை யாரும் விடவில்லை. கலைமகளின் மகன் நிரோஜன் தீவிலேயே பிறந்தவன். டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் இன்ஜினியரிங் படித்தான், படித்து முடித்ததும் திரும்பப் பிறந்த தீவுக்கே போய்விட்டான். கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. அங்கேயே வீடு வாங்கிவிட்டான். "அவன் தீவுக்காரன், நாங்கதான் வந்தேறிகள்" என்று அரியரட்ணம் பெருமையாகச் சொல்லித் திரிவார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

போன வருஷம் தீவில் அரசியலமைப்பை மாற்ற ஒரு ஆணைக்குழு போட்டார்கள். ஆளுநரின் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. நாற்பது வருஷமாகக் கேட்டது, கிடைக்கிற நேரம் பார்த்துப் பக்கத்துப் பெரிய தீவு பற்றி எரிகிறது. அங்கே அரசாங்கம் என்று ஒன்று இல்லை. ஆயுதக் கும்பல்கள் தலைநகரையே பிடித்துவிட்டன. கிழமைக்கு இரண்டு படகு சென்ட் ஆல்பன் கரையில் வந்து ஒதுங்குகிறது. இந்த நேரத்தில் ஆளுநரை விட்டால் யார் காப்பாற்றுவார்கள் என்று பாதித் தீவு பயந்தது. இந்த நேரத்தில்தான் நம் வீட்டுச் சாவி நம் கையில் வேண்டும் என்றது மற்றப் பாதி. ஆணைக்குழு இரண்டு பக்கத்தையும் சமாளிக்க ஒரு நகல், அதாவது சட்ட வரைவு, எழுதியது. அதிகாரம் மந்திரிசபைக்கு வரும், கூடவே பதினோராம் பிரிவு என்று ஒன்றும் வரும். வெளியூரில் இருக்கும் தீவுக்காரரின் கருத்தையும் கேட்க ஆணைக்குழு ஹூஸ்டனுக்கே வருகிறது என்று அறிவித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிவகரன் ஒரு கோப்போடு கலைமகள் வீட்டுக்கு வந்தார். மனைவி குமுதினி கையில் ஒரு தட்டு ரோல்ஸ். சிவகரன் தீவில் கணக்காளராக இருந்தவர், இப்போது சொந்தமாக ஒரு ஏஜென்சி நடத்துகிறார். பதினொரு குடும்பத்துக்கும் அவர்தான் தலைவர், யாரும் தேர்ந்தெடுக்காத தலைவர். ஆள் கெட்டவர் இல்லை. ஒருவருக்கு ஆபத்து என்றால் முதல் கார் அவருடையதாகத்தான் இருக்கும்.

"அக்கா, மெமோரண்டம் ரெடி. பதினோராம் பிரிவை நாங்க சப்போர்ட் பண்ணுறம். படகில வந்தவையின்ர உரிமையை மந்திரிசபை ரிவியூ பண்ணலாம் எண்டு அதில இருக்கு. அது வேணும்தானே? சும்மா இங்கிலீஷை ஒருக்காப் பார்த்திட்டு முதல் சைனை நீங்க வையுங்கோ. அச்சகத்தில இருந்த ஆள் எண்டால் அவை மதிப்பினம்."

"வைப்பம். நகலை விட்டிட்டுப் போங்கோ" என்றார் கலைமகள்.

"நகல் எதுக்கு? மெமோரண்டம் மூண்டே பக்கம்தான்."

"வடிவா வாசிக்காமல் நான் ஒண்டிலையும் சைன் வைக்கிறேல்லை, சிவகரன்."

மறுநாள் காலை சமையலறை மேசையில் நகலை விரித்தார்கள். அரியரட்ணம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். "பிரிவு பதினொன்று, அடைப்புக்குறி திற, மூன்று, அடைப்புக்குறி மூடு. மூன்றாம் அட்டவணையில் விவரிக்கப்பட்ட எவரது உரிமையையும், கமா, அல்லது அத்தகையவரின் பிள்ளையினது உரிமையையும், கமா, மந்திரிசபை மீளாய்வு செய்து நீக்கலாம், முற்றுப்புள்ளி."

"நில்லுங்கோ" என்றார் கலைமகள். ஒரு விரலை அங்கே வைத்தார். கடைசிப் பக்கத்துக்குப் போய் மூன்றாம் அட்டவணையைத் தேடினார். முதல் பந்தி படகில் வந்தவர்கள். இரண்டாம் பந்தி பொய்ப் பத்திரம் காட்டியவர்கள். மூன்றாம் பந்தி ஒரே வரி: 'எண்பத்தோராம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஆறாம் பிரிவின் கீழ் உரிமை பெற்ற எவரும்.'

"ஆறாம் பிரிவில என்ன இருக்கு?" என்று அரியரட்ணம் கேட்டார்.

கலைமகள் எழுந்து கராஜுக்குப் போனார். அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் மூன்றாவதில் அந்தச் சட்டத்தின் மறுபதிப்பு இருந்தது. அவரே பிழை பார்த்த புத்தகம். கொண்டுவந்து திறந்து ஆறாம் பிரிவில் விரலை வைத்தார். 'தீவின் வம்சாவளியைச் சேராத, ஆனால் நன்னடத்தையுடன் வதிந்தவர்களுக்கு.' அதன் கீழ்தான் அந்தப் பதினொரு குடும்பத்துக்கும் உரிமை கிடைத்தது. அரியரட்ணத்துக்கும், கலைமகளுக்கும். பிள்ளை என்ற வரிக்குள் நிரோஜனும் அடங்கிவிடுகிறான்.

அரியரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். "எங்களைச் சப்போர்ட் பண்ணச் சொல்லுறது எங்களையே கலைக்கிறதுக்கோ?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹில்கிராஃப்ட் அவென்யூவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் பதினொரு குடும்பமும் கூடியது. கலைமகள் நகலையும் பழைய சட்டப் புத்தகத்தையும் மேசையில் விரித்து மூன்று இடத்தைக் காட்டினார். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். சிவகரன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். பத்து நிமிஷத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"சரி, பிரச்சினை இல்லை. மெமோரண்டத்தில ஒரு வரி கூட்டுவம். ஒப்பந்தத்தில வந்த ப்ரொஃபெஷனல்ஸுக்கும் அவையின்ர பிள்ளையளுக்கும் விதிவிலக்கு. ஆணைக்குழுவில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார், ஃபோன் பண்ணிக் கேட்டன். அது ஓகே எண்டவர். நிரோஜனுக்கு ஒண்டும் வராது, அக்கா."

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. டீக்கு ஆர்டர் கொடுத்தார்கள்.

கலைமகள் மெல்லக் கேட்டார். "அப்ப, அங்க பிறந்த மற்றப் பிள்ளையள்?"

"அவை படகில வந்தவையின்ர பிள்ளையள்தானே."

"நாப்பத்தெட்டில இலங்கையிலையும் இப்பிடித்தான் நடந்தது. சுதந்திரம் வந்த கையோட முதல் வேலையாக் குடியுரிமைச் சட்டம். எங்கட ஆக்களிலையும் சில பேர், இது எங்களுக்கில்லை எண்டு பேசாமல் இருந்தவை."

குமுதினி சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அதுதான் பொல்லாதது. "ஐயோ அக்கா, அது தோட்டக்காட்டாற்ற விஷயம். அது வேற, இது வேற."

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை யாழ்ப்பாணத்தார் இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது. கலைமகள் வாய் திறக்கவில்லை. டீ வந்தது, குடித்தார். ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அதை நினைக்க நினைக்கப் பிறகு அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

காரில் ஏறியதும் அரியரட்ணம்தான் தொடங்கினார். "நான் சொல்லியிருக்க வேணும், கலை. அண்டைக்கே எங்கட அக்காவின்ர வாயை மூடியிருக்க வேணும்."

"உங்க அக்கா ஒண்ணும் என் வாயைத் தைக்கலங்க" என்றார் கலைமகள். மலைநாட்டுத் தமிழ்! அரியரட்ணம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மூடிட்டு இருந்தேன். நல்லாருந்துச்சு. யாரும் கேக்கல, யாரும் மூஞ்சியச் சுளிக்கல. இன்னைக்கு அதுக்கு வெல கேக்குறாங்க."

"விதிவிலக்கு இல்லையெண்டால் நிரோஜன் கதை என்ன?"

அதுதான் கேள்வி. கலைமகள் நாலு நாள் அதையே யோசித்தார். கையெழுத்தைப் போட்டால் மகன் தப்பிவிடுவான், அது கைமேல் இருக்கிற உத்தரவாதம். எதிர்த்துப் பேசினால் விதிவிலக்கும் போகலாம், பிரிவும் நிற்கலாம், நிரோஜனின் வாக்கும் வீடும் யாரோ ஒரு மந்திரியின் மேசைக்குப் போகலாம். பெற்றவளுக்கு இது சின்ன விஷயமா? அவன் கூப்பிட்டபோது நகலைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தார். அவன் வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னான். ஆலையில் தன்னோடு வேலை செய்யும் மூன்று பேர் படகில் வந்தவர்கள் என்றும், பம்ப் பழுதானால் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவேன் என்றும் சொன்னான். அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கலைமகள் சிவகரனுக்குப் போன் பண்ணினார்.

"என்ர சைன் இல்லை, சிவகரன். நான் தனியாப் பேசப் போறன்."

"அக்கா, எல்லாரையும் மாட்டி விட்டிடாதேங்கோ!"

"நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மட்டும் சொன்னார். என்ன பேசப் போகிறார் என்று அரியரட்ணத்துக்கே சொல்லவில்லை.

விசாரணை சுகர் லேண்ட் நூலகத்தின் கூட்ட அறையில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள், நிரம்பிவிட்டது. தீவுப் பெண்கள் தேவாலயத்துக்குப் போகிற தொப்பியோடு வந்திருந்தார்கள். தலைமை, ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. அவர் கண்ணைப் பார்த்தால் பெரிய மனிதர்களும் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். எல்லாம் தீவு வானொலியில் நேரடியாகப் போகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சாட்சிக்கு ஐந்து நிமிஷம். பேசுவதற்கு முன் பெயர், பிறந்த இடம், தீவோடு உள்ள தொடர்பு, மூன்றையும் சொல்ல வேண்டும்.

சிவகரன் நன்றாகவே பேசினார். பத்துக் குடும்பத்தின் கையெழுத்தோடு விதிவிலக்கைக் கேட்டார். கைதட்டினார்கள்.

முப்பத்தோராவது சாட்சியாகக் கலைமகளைக் கூப்பிட்டார்கள். பழைய தீவுக்காரர் இரண்டு மூன்று பேர் "அச்சகத்து அம்மா" என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். அவர் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"என் பெயர் கலைமகள் அரியரட்ணம். பிறந்த இடம் ஹட்டனுக்குப் பக்கத்தில் க்ளென்மார் தேயிலைத் தோட்டம், ஏழாம் நம்பர் லயம், நாலாவது அறை. அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். பிறந்தபோது எனக்கு எந்த நாடும் இல்லை. இருபத்தாறு வயது வரைக்கும் இருக்கவில்லை."

தமிழ்க் குடும்பங்கள் இருந்த வரிசையில் இருபது தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. குமுதினி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அரியரட்ணம் மட்டும் நேராகப் பார்த்தபடி இருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

கலைமகள் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, அச்சகத்தில் வாசித்தது போலவே பேசினார். "என் நாடும் உங்கள் நாடு போல ஒரு காலனிதான். எங்களுக்கும் லண்டனிலிருந்து ஆணைக்குழு வந்தது. எங்களுக்கும் அதிகாரம் வந்தது. வந்த முதல் வருஷமே ஒரு சட்டம் எழுதினார்கள். அதில் தோட்டத்துச் சனம் என்று ஒரு இடத்திலும் இல்லை. எண்களும் பிரிவுகளும்தான் இருந்தன. தகப்பன் பிறந்த பத்திரத்தைக் காட்டு என்று இருந்தது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு அறையில் பிறந்தவனுக்கு எது பத்திரம்? பத்து லட்சம் பேரில் மிகப் பெரும்பாலானோர் ஒரே நாளில் யாருமில்லாதவர்கள் ஆனார்கள். என் மாமா குடும்பத்தைத் தலைமன்னாரில் கப்பலேற்றி, அவர் பார்த்தே இராத இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் படிவத்தில் 'நாடு' என்ற இடத்தில் என் டீச்சர் ஒரு கோடு போட்டார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் கோட்டை நான் இன்னும் மறக்கவில்லை."

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். கலைமகள் தொடர்ந்தார்.

"உங்கள் அச்சகத்தில் பதினெட்டு வருஷம் வேலை செய்தேன். 'ஆளுநர் தம் விருப்பப்படி' என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை பிழை பார்த்திருப்பேன் தெரியுமா? அந்த வரி போக வேண்டும். அதிகாரம் உங்கள் கைக்கு வர வேண்டும், அதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன். பக்கத்தில் தீ எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். படகைத் தடுக்கக் கடற்காவல் சட்டம் இருக்கிறது, அதையும் நான்தான் பிழை பார்த்தேன். ஆனால் உரிமை கொடுத்து, வீடு கட்டவிட்டு, பிள்ளை பெறவிட்ட பிறகு ஆளை எடுத்து வெளியே போட அரசியலமைப்பில் ஏன் இடம் வைக்கிறீர்கள்? பதினோராம் பிரிவில் விரலை வையுங்கள். மூன்றாம் அட்டவணைக்குப் போங்கள். அங்கிருந்து எண்பத்தோராம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவுக்குப் போங்கள். உங்கள் டீச்சர்மார், டாக்டர்மார், வீதி போட்டவர், என் மகன், எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். அவன் பெயர் நிரோஜன். நீங்கள் குடிக்கிற தண்ணீர் அவன் கொடுப்பது. எங்களைப் போன்றவர்களுக்கு விதிவிலக்குக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் என் சொந்தச் சனம், நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் எனக்கு வேண்டாம். என் மகனுக்கும் வேண்டாம். அவனோடு வேலை செய்கிற படகுக்காரனின் பிள்ளைக்கு இல்லாத பாதுகாப்பு அவனுக்குத் தேவையில்லை. இன்றைக்கு விதிவிலக்குக் கொடுக்கிற கை நாளைக்கு அதை எடுக்கும்."

மணி அடித்தது. சரியாக ஐந்து நிமிஷம். தலைமை ஆசிரியை எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். நகலைப் புரட்டிப் பதினோராம் பிரிவில் தன் விரலை வைத்தார், பிறகு அட்டவணையைத் தேடினார். ஆணைக்குழுவின் மற்ற நாலு பேரும் அதையே செய்தார்கள். அறையே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் வரிசையில் ஒரு தீவுப் பெண் எழுந்து நின்று கை தட்டினார், பிறகு எல்லாரும்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் போன் அடித்தது. நிரோஜன். ஆலையில் வானொலியைப் போட்டிருக்கிறார்கள். எடுத்ததும் தமிழில், தட்டுத் தடுமாறி, "அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டான்.

"பயம்டா" என்றார் கலைமகள்.

"இங்க எல்லாரும் கை தட்டினவை, அம்மா. நானும்."

குமுதினி வந்தார். கலைமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றார். "தெரியும், போ" என்றார் கலைமகள். மன்னித்தாரா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. பிறகு மெல்ல மெல்ல. சிவகரன் பத்துக் குடும்பத்தையும் திரும்பக் கூட்டினார். விதிவிலக்கு வரியை வாபஸ் வாங்கிப் புதிய மெமோரண்டம் எழுதினார். அனுப்புவதற்கு முன் கலைமகளிடம் கொடுத்து விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். மூக்குடைபட்டாலும் நேர்மையான ஆள்தான்.

நாலு மாதம் கழித்து ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம். ஆளுநரின் அதிகாரத்தைப் படிப்படியாக மந்திரிசபைக்குக் கொடுக்கப் பரிந்துரைத்திருந்தார்கள். லண்டன் என்ன சொல்லும் என்று இன்னும் தெரியாது, அது ஆண்டுக் கணக்கில் இழுபடும். ஆனால் பதினோராம் பிரிவை முழுதாக எடுத்துவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் 'பின்னிணைப்பு, சாட்சி முப்பத்தொன்று பார்க்க' என்று இருந்தது.

கலைமகள் அறிக்கையை அச்செடுத்துச் சமையலறை மேசையில் வைத்தார். ஒரு விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு பின்னிணைப்பைப் புரட்டினார். எத்தனையோ பேரின் வார்த்தையை அச்சில் பார்த்தவர், தன் வார்த்தையைப் பார்ப்பது இதுவே முதல் தடவை. வாசியுங்கோ என்று அரியரட்ணத்திடம் தள்ளினார்.

அரியரட்ணம் தாளை எடுத்தார். ஆனால் உடனே வாசிக்கவில்லை. போனை எடுத்து டொரண்டோவில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேசையின் நடுவில் வைத்தார். என்னடா தம்பி என்று அக்கா கேட்டதும் சத்தமாகத் தொடங்கினார்.

"சாட்சி முப்பத்தொன்று, முற்றுப்புள்ளி. திருமதி கலைமகள் அரியரட்ணம், கமா. பிறந்த இடம் க்ளென்மார் தேயிலைத் தோட்டம், கமா, ஏழாம் நம்பர் லயம், கமா, நாலாவது அறை, முற்றுப்புள்ளி. பிறப்பில் நாடற்றவர், முற்றுப்புள்ளி."

தாளைக் கீழே வைத்துவிட்டுப் போனை நோக்கிக் குனிந்தார்.

"கேட்டுதோ, அக்கா?" என்றார் அரியரட்ணம். "இது என்ர மனுசி. திரும்ப வாசிக்கிறன், வடிவாக் கேளுங்கோ."

முதலிலிருந்து திரும்ப வாசித்தார். கலைமகளின் விரல் வரியோடு கூடவே போனது. அரியரட்ணம் ஒரு கமாவைக்கூட விடவில்லை.